மாவுக்கட்டைப் பிரித்த பிறகு

தேனியிலிருந்து ஆண்டிபட்டி போகும் பேருந்து க.விலக்கில் நின்றதும் பாதி காலியாகிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. வைகை அணையைப் பார்க்கப் போகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எக்ஸ்ரே உறையும் துணிப்பையுமாக மற்றவர்கள் இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் நாலைந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்த தாயைப் பார்ப்பது அபூர்வமல்ல. பிள்ளையின் கால்கள் கத்தரிக்கோல்போலக் குறுக்கிட்டு விறைத்திருக்கும். "போலியோவா தாயி?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார். இந்தியாவில் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். நோய் போய்விட்டது, கேள்வி போகவில்லை. "இல்லண்ணே, பொறந்ததும் அழல. மூளைக்குக் காத்து போகலைங்கிறாங்க" என்று தாய் சொல்வாள். மருத்துவச் சீட்டில் சிபி என்ற இரண்டெழுத்து இருக்கும். அரசுச் சான்றிதழில் அது மூளை முடக்குவாதம்.

இந்தப் பிள்ளைகளை நமக்குத் தெரியும். இதே நோயோடு முப்பத்தைந்து வயதான ஒருவரை அதே மருத்துவமனை வரிசையில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? அவர்கள் இறந்துவிடவில்லை. நடக்க முடிந்த, தானே உண்ண முடிந்த சிபி நோயாளிகளில் பெரும்பாலானோர் முதுமைவரை வாழ்கிறார்கள். சிறுவயதில் காலில் கத்தி பட்டு, ஆறு வாரம் மாவுக்கட்டில் கிடந்து, பிறகு நடந்த பிள்ளைகள் வளர்ந்து எங்கே போனார்கள், எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. உலக மருத்துவமே இதைத் தாமதமாகத்தான் கேட்டது. நம் ஊர் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

கருவிலோ பிறப்பிலோ மிக இளம்பருவத்திலோ, வளரும் மூளைக்கு நேர்கிற காயம்தான் மூளை முடக்குவாதம். குறைமாதப் பிறப்பு, பிரசவத்தில் மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. இந்தியாவில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ மூன்று பேர் என்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் கணிப்பு. மூளையில் உண்டான காயம் அதன்பிறகு பெருகுவதில்லை. பாடநூல்கள் இதை 'முற்றாத நோய்' என்று வகைப்படுத்துகின்றன. இந்த ஒரு சொல்தான் பெரியவர்களுக்குக் கேடாக முடிந்தது என்று நினைக்கிறேன். காயம் முற்றாது, உடம்பு முற்றுகிறது. எலும்பு நீள்கிறது, இறுகிய தசை அதே வேகத்தில் நீள்வதில்லை. எடை கூடுகிறது, மூட்டு தேய்கிறது. முற்றாத நோய்க்கு எதற்குத் தொடர் கவனிப்பு என்று கோப்பை மூடிவிடுகிறோம்.

கத்தியின் கதை பழையது. 1843இல் லண்டனில் இந்த விறைப்பு நோயைப் பற்றி முதலில் விரிவாகப் பேசிய வில்லியம் ஜான் லிட்டில், தானே வளைபாதத்தோடு வளர்ந்தவர். 1836இல் ஜெர்மனிக்குப் போய் ஸ்ட்ரோமேயர் என்ற மருத்துவரிடம் குதிகால் தசைநாரை வெட்டிச் சரிசெய்துகொண்டு, அதே கலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். நீண்ட காலம் இந்த நோய்க்கே லிட்டில் நோய் என்று பெயர். இன்றும் பெரும்பாலான குழந்தைகளுக்கு நடப்பது அதன் வழிவந்த சிகிச்சைதான்: குதிகால் தசைநாரை நீட்டுவது, தொடையின் பின்பக்கத் தசையைத் தளர்த்துவது, கவட்டுத் தசையை விடுவிப்பது, உட்பக்கம் திரும்பிய தொடை எலும்பை வெட்டித் திருப்பி வைப்பது. ஒருகாலத்தில் இவற்றை ஆண்டுக்கு ஒன்றாகச் செய்தார்கள். ஒவ்வொரு பிறந்தநாளையும் பிள்ளை மருத்துவமனைக் கட்டிலில் கழிக்கும் இந்த வழக்கத்துக்கு, டொரண்டோவின் எலும்பு அறுவை மருத்துவர் மெர்சர் ராங் 'பிறந்தநாள் நோய்' என்று கேலியாகப் பெயர் வைத்தார். அந்தக் கேலிக்குப் பலன் இருந்தது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் கணக்கிட்டு ஒரே முறையில் செய்துவிடும் போக்கு பரவியது.

இன்னொரு வழி முதுகைத் திறப்பது. 'போதும், தளர்த்து' என்று மூளையிலிருந்து வரவேண்டிய கட்டளை வராததால் தசை இறுகியே கிடக்கிறது. தசையிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுபோகும் உணர்நரம்பு இழைகளை மின்தூண்டலால் சோதித்து, சிலவற்றை மட்டும் வெட்டினால் இறுக்கம் குறையும். கேப்டவுனில் வார்விக் பீகாக் 1980களில் இந்த முறையைச் செப்பனிட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். செயின்ட் லூயிஸ் நகரில் டி.எஸ்.பார்க் 1987 முதல் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இதைச் செய்திருக்கிறார். வெட்டிய இழை திரும்ப ஒட்டாது. ஆகவே நல்லதோ கெட்டதோ, பலன் ஆயுளுக்கும் கூடவே வரும்.

அப்படிப்பட்ட சிகிச்சையின் வெற்றியை எப்போது எழுதுகிறார்கள்? பெரும்பாலும் ஓராண்டிலோ ஈராண்டிலோ. முழங்கால் எத்தனை பாகை நிமிர்ந்தது, குதிகால் பதிகிறதா, எத்தனை மீட்டர் நடக்கிறது என்று அளந்து பதிவுசெய்கிறார்கள். சிபி குழந்தையின் இயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் அளவுகோலை 1997இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் உருவாக்கினார்கள். இன்று உலகம் முழுக்க மருத்துவர்கள் பேசும் மொழி அதுதான். முதலில் அது 12 வயதோடு நின்றது. 2007இல் விரித்து எழுதினார்கள், 18 வயதுவரை. அளவுகோலே அங்கே முடிந்துவிடுகிறது.

வளர்ந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்ட ஆய்வுகள் சில உண்டு. பார்க் குழுவினர் 2017இல் வெளியிட்டது அவற்றில் ஒன்று. குழந்தைப் பருவத்தில் முதுகு நரம்பு அறுவை செய்துகொண்டு 20 முதல் 28 ஆண்டுகள் கழிந்த 95 பேரிடம் கேட்டார்கள். வாழ்க்கைத் தரம் உயர்ந்தது என்று 91 சதவீதம் பேர் சொன்னார்கள். மற்றவர்களுக்கும் பரிந்துரைப்போம் என்றவர்கள் 88 சதவீதம். இந்த எண்களை விளம்பரப் பலகையில் எழுதிவிடலாம். ஆனால் அதே ஆய்வில் 38 சதவீதம் பேர் வலி இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அறுவை செய்த இடமே தன் நோயாளிகளைக் கேட்ட கணக்கு இது. சிகிச்சை பெறாத ஒருவரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை. அதே ஆண்டில் மினசோட்டாவின் கில்லெட் மருத்துவமனைக்காரர்கள் அந்த ஒப்பீட்டைச் செய்தார்கள். முதுகு அறுவை செய்தவர்களையும், அதே நிலையிலிருந்து அதைச் செய்யாமல் வேறு சிகிச்சைகளோடு வளர்ந்தவர்களையும் பத்தாண்டுக்கும் மேல் கழித்துப் பார்த்தபோது, வலியிலும் வாழ்க்கைத் தரத்திலும் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. அறுவை செய்யாதவர்களுக்குப் பின்னாளில் வேறு ஊசிகளும் சிகிச்சைகளும் கூடுதலாகத் தேவைப்பட்டிருந்தன, அவ்வளவே. அறுவை வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. முப்பது வயதில் ஒருவர் நன்றாக வாழ்கிறாரா என்பதை ஐந்து வயதில் நடந்த ஒரு காரியம் மட்டும் முடிவு செய்வதில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

நார்வேயில் ரைடுன் யான்சன் குழுவினர் 2004இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கசப்பானது. சிபியோடு வாழும் 18 முதல் 72 வயதுவரையான 406 பேரிடம் அவர்கள் கேட்டார்கள். நாட்பட்ட உடல்வலி மூன்றில் ஒருவருக்கு இருந்தது. அந்நாட்டுப் பொதுமக்களில் அது 15 சதவீதம். நடை முன்பைவிட மோசமாகிவிட்டது என்றவர்கள் 44 சதவீதம். அதில் கவனிக்கவேண்டியது, மோசமானது பெரும்பாலும் 35 வயதுக்கு முன்பே என்பதுதான். மற்றவர்கள் வீடு கட்டி, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வயதில் இவர்களுக்குக் கால்கள் பின்வாங்கத் தொடங்குகின்றன.

காரணம் மர்மமல்ல. விறைத்த கால்களோடு நடப்பவர், அதே தூரத்துக்கு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தியைச் செலவழிக்கிறார். ஏழு வயதில், இருபது கிலோ உடம்பில், அது முடியும். அறுபது கிலோவில் முடியாது. அதோடு ஒரு வினையும் சேரும். சிறுவயதில் குதிகால் தசைநாரை அளவுக்குமேல் நீட்டிவிட்டால், கெண்டைக்காலுக்கு உடம்பை நிமிர்த்தித் தாங்கும் பலம் போய்விடும். வளர வளர முழங்கால் மடங்கி, பாதி குந்திய நிலையில் நடக்கும்படி ஆகும். நுனிக்காலில் நடந்த பிள்ளையைக் குதிகால் பதிய வைத்தது வெற்றி என்று எழுதியிருப்பார்கள். பத்தாண்டு கழித்து அந்த வெற்றியே முழங்கால் வலியாக வந்து நிற்கும்.

வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் ஆற்றில் இறங்காதே என்று செய்தி போய்விடும். இந்த ஒழுங்கைச் சிறுவயதிலிருந்தே நாளிதழில் படித்து வளர்ந்த ஊர் இது. சிபி உள்ள ஒருவரின் உடம்புக்கும் இப்படி எச்சரிக்கைக் குறிகள் உண்டு, மருத்துவத்துக்கு அவை தெரியும். நிற்கும்போது முழங்கால் முன்பைவிட மடங்குவது, கடைத்தெருவரை போய்வந்தவர் பாதியில் உட்கார இடம் தேடுவது, காலையிலேயே களைத்திருப்பது, கைவிரல்கள் மரத்து, சிறுநீர் அடக்க முடியாமல் போவது. கடைசியாகச் சொன்னது மிக அவசரமானது. கட்டுப்பாடின்றித் தலையும் கழுத்தும் ஆடும் வகை சிபியில், கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடத்தை நெரிக்கக்கூடும். 'சிபிதானே, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி அனுப்பிவிட்டால் இருந்த நடையும் போய்விடும். அளவுகோல் இருக்கிறது. பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

வலியும் நடையும் மட்டும்தானா வாழ்க்கைத் தரம்? உலக சுகாதார நிறுவனம் 1990களில் இந்தக் கேள்விக்கு ஒரு வினாத்தாள் உருவாக்கியபோது, உலகில் 15 நகரங்களைத் தேர்ந்தெடுத்து மக்களிடமே பேசித் தொடங்கியது. அவற்றில் ஒன்று அன்றைய மெட்ராஸ். வேறு மொழியில் முடித்துவிட்டுப் பிறகு தமிழுக்குக் கொண்டுவந்த வினாத்தாள் அல்ல அது. தொடக்கத்திலிருந்தே தமிழ் அதில் உண்டு. நூறு கேள்விகள், சுருக்கியதில் 26. உடம்பு, மனம், உறவு, சுற்றுப்புறம் என நான்கு பகுதி. தூக்கம் எப்படி, கையில் காசு இருக்கிறதா, போக்குவரத்து வசதி திருப்தியா, தாம்பத்தியம் எப்படி என்றெல்லாம் அது கேட்கிறது. நம் மருத்துவமனைகளில் சிபி உள்ள பெரியவரிடம் இதில் ஒன்றையாவது யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. தாம்பத்தியத்தைப் பற்றி நிச்சயம் கேட்பதில்லை.

கேட்டாலும் யாரிடம் கேட்பது என்பது பெரிய விஷயம். ஐரோப்பாவில் 8 முதல் 12 வயதுவரையான சிபி குழந்தைகளிடம் நேரடியாகக் கேட்டு 2007இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, தங்கள் வாழ்க்கையைப் பற்றி அவர்கள் சொன்னது மற்றக் குழந்தைகள் சொன்னதற்குப் பெரும்பாலும் இணையாகவே இருந்தது என்று காட்டியது. கீழே இழுத்தது வலி. வலி இருந்த பிள்ளைகளின் மதிப்பெண் எல்லாப் பகுதியிலும் குறைந்தது. பார்க்கிறவர்களுக்குக் கால்தான் துயரமாகத் தெரிகிறது. அந்தக் காலோடு பிறந்தவருக்கு அது அவருடைய கால். வலிதான் புதிது. ஆனால் நம் வீடுகளில் நாற்பது வயதானாலும் மருத்துவர் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்கிறார்: "எப்படி இருக்கான்?"

சுருளியாறும் முல்லைப் பெரியாறும் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த வாழ்க்கைக்கு ஒரு தனி நெருக்கடி உண்டு. வெயில் ஏறுமுன்பே கம்பம், கூடலூர், போடியிலிருந்து ஜீப்புகள் ஏலத்தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மலையேறிக் கேரளத்துக்குப் போகின்றன. பொழுது சாயத்தான் திரும்பும். அறுவை முடிந்து மாவுக்கட்டைப் பிரித்தபின் தினமும் தசையை நீட்டி மடக்கும் பயிற்சி ஆறு மாதமோ ஓராண்டோ வேண்டும். அதுதான் சிகிச்சையின் பாதி. ஜீப்பில் போகும் தாய் அதை எந்த நேரத்தில் செய்வாள்? மதுரைக்குப் போய்வந்தால் ஒருநாள் கூலி போயிற்று. 'பெற்றோர் ஒத்துழைக்கவில்லை' என்று மருத்துவக் குறிப்பில் எழுதப்படும் வரிக்குப் பின்னால் பலசமயம் ஒரு ஜீப் நிற்கிறது.

பிறகு பிழைப்பு. பந்தல் திராட்சை பறிக்க அண்ணாந்து நிற்கவேண்டும், கைகளை உயர்த்தவேண்டும். தோட்டச் சரிவில் கால் நிற்கவேண்டும். இந்த மண்ணின் பெருவேலைகள் எல்லாமே காலையும் சமநிலையையும் கேட்பவை. போடியில் ஏலக்காய் தரம் பிரிப்பது உட்கார்ந்து செய்யும் வேலை, ஆனால் விரல் நுணுக்கம் வேண்டும். கையில் விறைப்பு இல்லாதவர்களுக்கு அது பொருந்தும். பிள்ளையை நடக்க வைக்க எட்டாண்டு உழைக்கும் குடும்பம், அவன் எதில் சம்பாதிப்பான் என்று எட்டு நாள் யோசிப்பதில்லை. குடும்பத்தைக் குறைசொல்ல முடியாது. யோசிக்கச் சொல்லி யாரும் அவர்களிடம் பேசவில்லை.

தமிழ்நாட்டில் இதை முன்பே ஒருவர் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தினார். உலகம் வியந்த அறுவை அது. சிகிச்சை பெற்றுப் போனவர்கள் திரும்பிவந்து முறையிட்டார்களாம்: விரல் நிமிர்ந்ததால் பிச்சை விழவில்லை, தொழுநோயாளி என்பதால் வேலையும் இல்லை. பிராண்ட் 1950களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை அமைத்துத் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார். அறுவை மருத்துவர் ஒருவர், தன் வேலை அறுவையோடு முடியவில்லை என்று ஒப்புக்கொண்ட இடம் அது. நோய் வேறு, பாடம் ஒன்றுதான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டம் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குறைபாடுகளைக் கண்டறிந்து, மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. அது பிறப்பிலிருந்து 18 வயதுவரை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் பயிற்சி பெற்ற ஊழியர்களை வீட்டுக்கே அனுப்பி இளம் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறது. ஜீப்பில் போகும் தாய்க்கு அதுதான் சரியான விடை. தேனிக்கும் அது பரவவேண்டும். ஆனால் அங்கும் கனம் இளம்பருவத்தின் மீதுதான். 1985இல் பூனம் நடராஜன் சென்னையில் தொடங்கிய வித்யாசாகர் வளர்ந்தவர்களின் தொழில், உரிமை பற்றியும் நெடுங்காலமாகப் பேசிவருகிறது. ஆனால் அது இருக்கும் கோட்டூர்புரத்துக்கும் நம் கூடலூருக்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டர்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களில் மூளை முடக்குவாதத்தையும் பட்டியலிட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. எல்லாம் சான்றிதழில் எழுதும் சதவீதத்தைப் பொறுத்தது. அந்தச் சதவீதம் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் என்று பார்க்கும். களைப்புக்கு அதில் இடமில்லை. அறுவையால் ஓரளவு நடக்கிறவர், முப்பது வயதில் நடை தளரும்போது, இருபது வயதில் வாங்கிய சான்றிதழோடு நிற்பார். நகரப் பேருந்தில் அவருக்குக் கட்டணமில்லை. படிக்கட்டு மட்டும் முழங்கால் உயரம்.

கொல்கத்தாவைச் சேர்ந்த ஜீஜா கோஷ் சிபியோடு வாழும் கல்வியாளர். 2012 பிப்ரவரியில் கோவாவில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போக விமானத்தில் ஏறி அமர்ந்தவரை, அவர் நிலை சரியில்லை என்று கருதி இறக்கிவிட்டார்கள். அந்த மாநாடு மாற்றுத்திறனாளிகளைப் பற்றியது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அவருடைய அன்றைய வாழ்க்கைத் தரத்தைக் குலைத்தது தசையின் விறைப்பு இல்லை என்பதை விளக்க வேண்டியதில்லை.

மாவட்டத் தலைமையிடத்தில் மாதம் ஒருநாள், 18 வயதைக் கடந்த சிபி நோயாளிகளுக்கென்று எலும்பு, நரம்பு, பிசியோதெரபி மூன்று துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். கட்டடம் தேவையில்லை, திட்டப்பெயரும் தேவையில்லை. அப்படி உட்காரும் நாளில் முதலில் கேட்கப்போகும் கேள்வி ஒன்று உண்டு: சின்ன வயதில் உங்களுக்கு என்ன ஆபரேஷன் செய்தார்கள்? பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது. 'காலில் ஏதோ நரம்பை வெட்டினாங்க' என்பார்கள். எந்தத் தசைநார், எந்தக் கால், தொடை எலும்பில் தகடு இருக்கிறதா, முதுகைத் திறந்தார்களா என்பது தெரியாமல் முப்பது வயது முழங்காலுக்குச் சரியான சிகிச்சை சொல்ல முடியாது. பழைய பதிவேடுகளை மருத்துவமனைகள் காலவரையின்றி வைத்திருப்பதில்லை.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அந்த டிஸ்சார்ஜ் சீட்டு உங்கள் வீட்டில்தான் எங்கோ இருக்கும். ரேஷன் அட்டையோடு பீரோவிலோ, பரண்மேல் எக்ஸ்ரே உறைக்குள்ளோ. இன்றைக்கே தேடி எடுங்கள். நகல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அசலை அந்தக் கால்களுக்கு உரியவர் கையில் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்து சொல்லுங்கள்.